போர்க்காலத்தில் வீட்டுக் கடிதங்கள்: ஈழத்துக் குருமாணவர் ஒருவரின் மடல்களும் திருச்சபை வரலாறும்

1. முன்னுரை

திருச்சபை வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் நாடுவது மிஷன் சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும், ஆலோசனைச் சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகளையும், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் பற்றிய பதிவேடுகளையுமே ஆகும். இவை இன்றியமையாத சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் மூளும்போது முதலில் தடைபடுவன இவையே. சங்கம் கூடுவதில்லை, அறிக்கை அச்சேறுவதில்லை, பதிவேடு ஆயரோடு இடம்பெயர்ந்து வழியில் தொலைந்துபோகிறது. அத்தகைய காலத்திலும் நின்றுபோகாமல் எழுதப்படுவது ஒன்று உண்டு. அது வீட்டிலிருந்து வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு எழுதப்படும் கடிதம்.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின்போது ஈழத்துக் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களை எவ்வாறு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குப் பொதுவான செய்திகளோடு, 1990 முதல் 1996 வரை தமிழகத்திலும் பின்னர் வேறோர் ஊரிலும் இறையியல் பயின்ற ஈழத்து மாணவர் ஒருவருக்கு வந்த கடிதங்களையும் துணையாகக் கொண்டுள்ளேன். அவர் என்னோடு விடுதியில் தங்கிப் படித்தவர். இன்று கடல் கடந்த நாடொன்றில் ஆயராக ஊழியம் செய்கிறார். ஏறத்தாழ நாற்பது கடிதங்களின் படிகளை என்னிடம் அளித்து, அவற்றைப் பற்றி எழுத இசைவும் தந்தார். அவருடைய குடும்பத்தார் இன்றும் வாழ்வதால், அவர் பெயரையும் சொந்த ஊரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. கடிதங்களின் சொற்களையும் அப்படியே எடுத்தெழுதவில்லை. செய்தியை மட்டுமே தருகிறேன்.

2. போரும் அஞ்சல் வழியும்

உள்நாட்டுப் போர் என்பது ஒரே நாட்டின் நடுவே எல்லைக்கோடு கிழிக்கும் போர். ஆதலின் அது முதலில் வெட்டுவது சாலையையும் அஞ்சலையுமே. 1861-இல் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதியபோது, இரு பகுதிகளுக்கும் இடையே வழக்கமான அஞ்சல் நின்றுபோயிற்று. பின்னர் வெண்கொடி ஏந்திச் செல்லும் கப்பல்கள் மூலம் கடிதங்கள் மாற்றிக்கொள்ளப்பட்டன. அவை ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது, உறை ஒட்டப்படலாகாது, குடும்பச் செய்தியன்றி வேறொன்றும் இருத்தலாகாது, இரு தரப்பாரும் படித்துப் பார்த்த பின்னரே அவை உரியவரைச் சேரும். 1936-இல் ஸ்பெயினில் மூண்ட உள்நாட்டுப் போரில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு இதே முறையைப் பெருமளவில் கையாண்டு, பல இலட்சம் குடும்பச் செய்திகளை இரு தரப்புக்கும் இடையே கொண்டு சென்றது. இரண்டாம் உலகப் போரில் இத்தகைய செய்திக்கு 25 சொற்களே வரம்பு. ஒரு தாய் தன் மகனுக்கு 25 சொற்களில் எதைச் சொல்வாள், எதை விடுவாள் என்பதைச் சிந்தித்துப் பார்த்தல் நலம்.

அமெரிக்கப் போருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மானிப்பாயில் மருத்துவப் பணி செய்து, தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்த சாமுவேல் கிறீன் ஐயர் முதலில் 1847 முதல் 1857 வரை அங்கே இருந்தார். மீண்டும் 1862-இல் தம் நாடு போரில் எரிந்துகொண்டிருந்தபோதே யாழ்ப்பாணம் திரும்பினார். அவர் எழுதிய கடிதங்கள் குடும்பத்தாரால் பேணப்பட்டு, 1891-இல் அவருடைய வரலாற்றோடு நூலாயின. அன்று போர் அமெரிக்காவில், அமைதி மானிப்பாயில். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று.

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இடையே 1914 முதல் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு இரயிலும் கப்பலும் இணைந்த போக்குவரத்து இருந்தது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், 1984-இல் அக்கப்பல் போக்குவரத்தும் நின்றது. 1987-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஏற்பட்டு, இந்திய அமைதிப்படை வந்து, 1990 மார்ச்சில் வெளியேறியது. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் 'யாழ்தேவி' இரயில் அன்று நின்றது. மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 அக்டோபரில்தான்.

1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாடு விடுதலைப்புலிகளின் ஆட்சியில் இருந்தது. ஆயினும் அரச ஊழியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தது. அஞ்சலகங்களும் பெயரளவிலேனும் இயங்கின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஆனையிறவு வழி அடைபட்டமையால், வெளியேற விரும்பியோர் இயக்கத்திடம் அனுமதிச் சீட்டுப் பெற்று, கிளாலிக் கடனீரேரியை இரவு நேரத்தில் படகில் கடந்து, வன்னி வழியாக வவுனியாவை அடைந்தனர். அந்த நீர்வழியில் உயிரிழந்தோர் பலர். 1993 ஜனவரித் தொடக்கத்தில் அங்கே பயணிகள் பலர் கடற்படையினரால் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் அறியப்பட்டது. என் நண்பருக்கு வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு யாரோ ஒருவர் மடியில் ஏறிக் கிளாலியைக் கடந்து, கொழும்பில் அஞ்சல்தலை ஒட்டப்பெற்று வந்தவை. எழுதிய நாளுக்கும் கொழும்பு முத்திரை விழுந்த நாளுக்கும் இடையே சிலவற்றில் மூன்று வாரம், சிலவற்றில் இரண்டரை மாதம். ஒரு கடிதத்தின் ஓரம் உப்புநீர் பட்டு மை பரவியிருக்கிறது. ஆகவே அக்கடிதத்தைத் தாங்கி வந்தவரும் அதன் வரலாற்றில் ஒரு பங்காளர் ஆவார். அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

3. வலது மூலையில் உள்ள ஊர்ப்பெயர்

யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கடிதம் எழுதுவதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. வலது மூலையில் ஊரும் தேதியும், பின் விளிப்பு, பின் தம் சுகத்தைச் சொல்லிப் பிள்ளையின் சுகத்தைக் கேட்கும் வாக்கியம், அதன்பின் வீட்டார் ஒவ்வொருவரைப் பற்றியும் வரிசையாக ஒரு சொல், இறுதியில் செபம். 1816 முதல் அமெரிக்க மிஷன் நடத்திய பள்ளிகளில் கற்ற தலைமுறைகள் வழிவழியாகக் கைக்கொண்ட ஒழுங்கு இது. என் நண்பரின் தாயார் இதிலிருந்து ஒருபோதும் வழுவவில்லை. ஒழுங்கு மாறாதபடியால், அதனுள் நேர்ந்த சிறு மாற்றமும் தெளிவாகத் தெரிகிறது. வரலாற்று மாணவனுக்கு இது பெரும் துணை.

முதலாவதாக, ஊர்ப்பெயர். 1990 ஜூன் முதல் 1995 அக்டோபர் நடுப்பகுதி வரை எல்லாக் கடிதங்களிலும் வலிகாமத்திலுள்ள ஒரே ஊரின் பெயர். அடுத்த கடிதம் சாவகச்சேரியிலிருந்து. அதற்கடுத்தது கொடிகாமம். 1996 மே மாதக் கடிதத்தில் மீண்டும் பழைய ஊர். இம்மூன்று பெயர்களே ஒரு பெரும் நிகழ்ச்சியின் சுருக்கம். 1995 அக்டோபரில் இராணுவம் குடாநாட்டை நோக்கி முன்னேறியது. அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமென ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே இரவில், மழையில், ஒரே சாலை வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கப் பல மணி நேரம் ஆயிற்று. முதியோர் வழியிலேயே இறந்தனர். 1996 ஏப்ரலில் தென்மராட்சியையும் இராணுவம் கைப்பற்றிய பின், பலர் வலிகாமத்துக்குத் திரும்பினர். பலர் கிளாலியைக் கடந்து வன்னிக்குச் சென்றனர். ஒரே வீட்டார் இரு பிரிவாகப் பிரிந்தது இத்தருணத்திலேயே.

சாவகச்சேரியிலிருந்து வந்த கடிதத்தில் தாயார் அந்த இரவைப் பற்றி எழுதியது நான்கே வரி. நடந்து வந்தோம், ஐயாவுக்கு முழங்கால் வலி, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம், வேதாகமத்தையும் உன் சான்றிதழ்களையும் கொண்டுவந்தோம், மற்றவை வீட்டில். இவ்வளவே. நூல்கள் பல இவ்விடப்பெயர்வைப் பக்கம் பக்கமாக விவரிக்கின்றன. ஆயினும் ஒரு குடும்பம் எதைக் கையில் எடுத்துக்கொண்டது என்பதை இந்நான்கு வரிகளே சொல்கின்றன. தொலைவிலிருக்கும் மகனின் சான்றிதழ் வேதாகமத்தோடு ஒரே பையில் வைக்கப்பட்டது. 1970-களில் தரப்படுத்தல் முறையால் பல்கலைக்கழக இடம் இழந்து, 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட ஒரு சமுதாயத்தில் கல்விச் சான்றிதழ் எத்தகைய பொருள் என்பதை வேறு விளக்கம் இன்றியே உணரலாம்.

4. எழுதியவை

இக்கடிதங்களில் பெரும்பகுதி அன்றாட வாழ்வு பற்றியது. பேட்டரி, எரிபொருள், சிமெந்து, உரம், மருந்துவகை எனப் பல பொருள்களுக்கு அரசு விதித்த தடை குடாநாட்டின் வாழ்வை மாற்றியது. அம்மாற்றத்தைத் தாயார் குறை கூறும் தொனியில் எழுதவில்லை. கற்றுக்கொண்ட பாடமாகவே எழுதுகிறார். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கெரிக்கும் வகை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்கும் வகை. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தால் துணி வெளுக்கும் வகை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலால் தொடக்கி, மண்ணெண்ணெயால் ஓட்டும் வகை. இவையெல்லாம் அக்காலத்து யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவரும் அறிந்தவை. கடிதம் எழுதிய தாளே ஒரு சான்றுதான். முதலில் நீலநிற வான்கடிதத் தாள். 1991-க்குப் பின் பள்ளிப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். பின்னர் அதே தாளின் இரு புறமும் ஓரங்களிலும் நெருக்கி எழுதிய எழுத்து. உறை பழைய உறையைப் பிரித்து உட்புறம் வெளியாக ஒட்டியது.

திருச்சபை வாழ்வும் இவற்றில் இடம்பெறுகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் 1947-இல் அமெரிக்க மிஷன் சபைகளிலிருந்து உருவானது. பேராயர் குலேந்திரன், பேராயர் அம்பலவாணர், பேராயர் ஜெபநேசன் ஆகியோர் காலங்களைப் பற்றி அச்சிட்ட நூல்கள் உண்டு. ஆனால் ஞாயிறு ஆராதனை எந்த மணிக்கு மாற்றப்பட்டது, விமானம் பறக்கும் ஒலி கேட்டால் சபையார் எங்கே ஒதுங்கினர், பதுங்குகுழி ஆலய வளவில் எந்த மரத்தின் கீழ் வெட்டப்பட்டது, திராட்சரசம் கிடைக்காதபோது திருவிருந்துக்கு என் செய்தனர் என்பனவற்றை இத்தகைய கடிதங்களிலேயே காண்கிறோம். உலர்ந்த திராட்சையைச் சிறிது ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்தியதாகத் தாயார் எழுதுகிறார். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு கத்தோலிக்க ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின் எழுதிய கடிதத்தில், ஆலயத்துள் ஒதுங்குவதில்லை என்று ஊரார் முடிவு செய்ததாக ஒரு வரி உள்ளது. ஆலயம் அடைக்கலம் என்ற தொன்மையான நம்பிக்கை ஒரு சபையில் எந்த வாரத்தில் தளர்ந்தது என்பதை வேறு எந்த ஆவணம் நமக்குச் சொல்லும்?

5. எழுதாதவை

கடிதம் எழுதியோர் இருவகை அச்சத்தினிடையே எழுதினர். வவுனியாவில் இராணுவம் உறையைப் பிரிக்கக்கூடும். இப்பால் இயக்கத்தாரும் பிரிக்கக்கூடும். ஆகவே பல செய்திகள் மறைபொருளாயின. மாரி மழை பெய்யாத ஆனி மாதத்தில் மூன்று நாள் பெருமழை என்று எழுதினால் அது எறிகணை என்பதை நண்பர் அறிவார். ஆயினும் அச்சம் ஒன்றே எல்லா மௌனங்களுக்கும் காரணமன்று. இதனை நேர்மையோடு ஆராய்தல் வேண்டும்.

1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் வீடும் நிலமும் தொழிலும் இழந்தனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணி. நண்பரின் தாயார் 1990 நவம்பரில் எழுதிய கடிதத்தில் இது பற்றி உள்ளது ஒரே செய்தி: விடுமுறைக்கு வரும்போது வெள்ளை அங்கி தைப்பதற்குத் துணி எடுத்து வைத்தேன், தைக்கிறவர் இப்போது இங்கே இல்லை, மதுரையிலேயே தைத்துக்கொள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அத்தையல்காரர் பல ஆண்டுகளாக அவ்வீட்டாருக்குத் தைத்தவர் என்பதை நண்பர் சொல்லியே அறிந்தேன். அவருடைய குடும்பம் எங்கே சென்றது, எதைக் கொண்டு சென்றது என்று கடிதம் கேட்கவில்லை.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 30 அன்று, அத்தாயாரே ஒரு பையோடு வீட்டைவிட்டு நடந்தார். அதைப் பற்றி நான்கு வரி. முன்னதைப் பற்றி அரை வரி. இதனைச் சுட்டிக்காட்டுவது அத்தாயாரைக் குற்றஞ்சாட்டுவதற்கன்று. அன்று வாய் திறந்திருந்தால் அவ்வீட்டாருக்கு என்ன நேர்ந்திருக்குமோ, நாம் அறியோம். ஆனால் கடிதங்களைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று ஆசிரியன், அவற்றில் உள்ள துன்பத்தை மட்டும் எண்ணி, இல்லாத துன்பத்தை எண்ணாமல் விட்டால், அவனும் அம்மௌனத்தில் பங்கு கொள்கிறான். தன் இனத்தாரின் கடிதங்களை மட்டும் வாசித்து எழுதப்படும் வரலாறு பாதி வரலாறே. புத்தளத்து முகாம்களிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் எழுதிய கடிதங்களும், தெற்கே சிங்களப் போர்வீரர்களின் பெற்றோர் எழுதிய கடிதங்களும் அருகே வைத்து வாசிக்கப்பட வேண்டும்.

இன்னொரு மௌனம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டார் வரிசையில் ஐயா, அக்கா, தங்கை, தம்பி என நான்கு பெயர்கள் எப்போதும் வரும். 1996 மே மாதக் கடிதத்தில் தம்பியின் பெயருக்கு எதிரே, அவன் கிளாலி தாண்டிப் போனான், கிளிநொச்சியில் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறான் என்று எழுதப்பட்டுள்ளது. ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் அவன் கைப்பட எழுதிய சிறு துண்டு ஒன்று கிடைத்ததாகவும், அதன் தேதி ஜூலை 2 என்றும் குறிப்பு உள்ளது. அடுத்த கடிதத்தில் வரிசையில் மூன்று பெயர்களே உள்ளன. விளக்கம் ஏதும் இல்லை. மகன் படிப்பில் இருக்கிறான், தேர்வு நெருங்குகிறது என்று தாய் கருதியிருக்கலாம். அல்லது எழுதினால் உண்மையாகிவிடும் என்று அஞ்சியிருக்கலாம்.

6. எஞ்சியது எந்தப் பாதி?

இக்கடிதங்கள் ஏன் இன்று நம் கையில் உள்ளன? அவை ஊரைவிட்டு வெளியே வந்தமையால். நண்பர் வாரந்தோறும் வீட்டுக்கு எழுதிய மறுமொழிகளில் ஒன்றேனும் இன்று இல்லை. 1995 அக்டோபரில் வீட்டில் விடப்பட்ட 'மற்றவை'களுள் அவையும் இருந்தன. 1996-இல் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ஆகவே தாயின் குரலைக் கேட்கிறோம். மகனின் குரலைக் கேட்பதில்லை. தாய் எதற்கு மறுமொழி சொல்கிறார் என்பதைக் கொண்டு மகன் என்ன எழுதியிருப்பான் என்று ஊகிக்கிறோம்.

இது திருமறை மாணவர்க்குப் புதியதன்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய மடல் நம்மிடம் உள்ளது. கொரிந்தியர் பவுலுக்கு எழுதிய மடல் இல்லை. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் அப்படியொரு மடல் இருந்ததென்பதை மட்டும் காட்டுகிறது. எரேமியா பாபிலோனுக்கு அனுப்பிய கடிதம் 29-ஆம் அதிகாரத்தில் உள்ளது; சிறைப்பட்டோர் எருசலேமிலிருந்த தம் வீட்டாருக்கு எழுதியவை நகரத்தோடு எரிந்திருக்கும். விளக்கவுரை வகுப்பில் ஒரு பக்கத்து மடலிலிருந்து மறுபக்கத்தை மீட்டெடுக்க நாம் பயிற்றுவிக்கும் முறையே இங்கும் பயன்படுகிறது.

மிஷன் வரலாற்றிலும் இதே நிலையைக் காணலாம். அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பேணப்படுகின்றன. திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் பகுதிகளை உள்ளடக்கிய நம் வட்டாரம் டேனிஷ் மிஷனின் பணித்தளம். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அப்பணியின் கனி. டேனிஷ் மிஷனெரிமார் தம் நாட்டுக்கு எழுதியவற்றைத் தேடினால் கிடைக்கும். ஆனால் அவர்களிடம் கற்ற நம் முன்னோரான உபதேசியார், விடுதிப் பிள்ளைகள், விடுதிப் பிள்ளைகளுக்குக் கிராமத்திலிருந்து எழுதுவித்து அனுப்பிய பெற்றோர் ஆகியோரின் கடிதங்கள் எங்கே? பேணுவதற்கு நூலகம் உள்ள இடத்துக்கு அனுப்பப்பட்டவை எஞ்சின. ஓலைக்கூரை வீட்டுக்கு வந்தவை கரையானுக்கு இரையாயின. போர் விரைவாகச் செய்வதை வறுமை மெல்லச் செய்கிறது.

7. போருக்குப் பின்

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டு, ஏப்ரலில் ஏ-9 சாலை திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடிதத்தில் மட்டும் சந்தித்தோர் நேரில் சந்தித்தனர். 2006 ஆகஸ்டில் சாலை மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த வல்லுநர் குழு, இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என 2011-இல் அறிவித்தது. எஞ்சியோரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டனர்.

போருக்குப் பின் கைத்தொலைபேசி வந்தது, கடிதம் குறைந்தது. நண்பரின் கட்டில் 2009-க்குப் பின் வந்தவை இரண்டே. இரண்டும் தங்கை எழுதியவை. 2010-இல் எழுதிய கடிதம் சுகம் விசாரித்த பின் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது: அம்மா அண்ணாவுக்கு 1996-இல் எழுதிய கடிதங்கள் இருந்தால் படியெடுத்து அனுப்ப வேண்டும். அவ்வாண்டு அரசு 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு'வை அமைத்திருந்தது. தம்பி காணாமற்போனது பற்றி முறையிடச் சென்றால், கடைசியாக எங்கே, எந்நாளில் இருந்தான் என்று கேட்கின்றனர். அவன் எழுதிய துண்டு இடப்பெயர்வில் தொலைந்தது. அம்மா அப்போது நினைவு தடுமாறியிருந்தார். ஜூலை 2 என்ற தேதி எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அண்ணாவுக்குச் சென்ற அக்கடிதமே. ஆகவே வெளியே வந்த தாள் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் சான்றாகத் திரும்பிச் சென்றது.

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1990 முதல் இலங்கையில் காணாமற்போனோராகப் பதிந்தவர் எண்ணிக்கை 16,000-க்கு மேல். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் சாலையோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்தியவை நிழற்படங்களும் பழைய தாள்களுமே. தங்கையின் இரண்டாம் கடிதம் 2018-இல் எழுதப்பட்டது. அம்மா உறங்கிவிட்டார் என்றும், இறுதி வரை வீட்டார் வரிசையைச் சொல்லும்போது நான்கு பெயரையும் சொன்னார் என்றும் அதில் உள்ளது. எழுத்தில் மூன்றாகக் குறைந்த வரிசை நாவில் நான்காகவே இருந்தது என்பதை இதனால் அறிகிறோம். தம்பியைப் பற்றிய முடிவான செய்தி இன்றளவும் அக்குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

8. நம் கடமை

1983 முதல் ஈழத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். மண்டபத்தில் இறங்கிய அவர்கள் மாநிலமெங்கும் பல முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். திருவண்ணாமலை மாவட்டத்திலும் அம்முகாம்கள் உள்ளன. 1991-க்குப் பின் சில காலம் அவர்தம் பிள்ளைகள் கல்விக்கூடங்களில் சேர்வதற்கே இடர்ப்பாடு இருந்தது. 1984-இல் சந்திரகாசன் அவர்கள் தலைமையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அப்பிள்ளைகளின் கல்விக்குப் பெருந்துணை புரிந்தது. 2021-இல் தமிழக அரசு முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. வீடு மாறும்போது தகரப் பெட்டிகள் திறக்கப்படும். பழைய தாள்கள் வெளியே எறியப்படும். அப்பெட்டிகளில் கடிதங்கள் உள்ளன என்பதை முகாம்களுக்கு அருகே ஊழியம் செய்யும் ஆயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

செய்யவேண்டியவை சில. முதலாவது, கேட்பது. கடிதத்தை நமக்குத் தரும்படி கேட்பதன்று. வாசித்துக் காட்டும்படி கேட்பது. இரண்டாவது, படியெடுத்து மூலத்தை உடனே திருப்பிக் கொடுப்பது. மூலம் குடும்பத்தின் உடைமை. ஒருவேளை வழக்கின் சான்று. மூன்றாவது, உறையையும் பேணுவது. முத்திரையும் தேதியும் உறையில்தான் உள்ளன. பெரும்பாலோர் கடிதத்தை வைத்துக்கொண்டு உறையை எறிந்துவிடுகின்றனர். நான்காவது, மறைபொருளாக எழுதிய சொற்களின் பொருளை, அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது. ஐந்தாவது, உயிரோடிருப்போரின் பெயரை அவர்தம் இசைவின்றி வெளியிடாதிருப்பது. இவ்வாறு தொகுத்தவற்றைப் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் ஒப்படைக்கலாம். 2005-இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் பேணிவரும் 'நூலகம்' நிறுவனத்தாரையும் அணுகலாம்.

இறையியல் மாணவர்களுக்கும் ஒரு சொல். திருச்சபை வரலாற்று வகுப்பில் ஆய்வுக்குப் பொருள் தேடுவோர் தொலைவிலுள்ள காப்பகங்களை எண்ணி மலைப்படைகின்றனர். உங்கள் விடுதி அறையில் உங்களோடு உறங்கும் மாணவரின் பெட்டியில் ஒரு சபையின் வரலாறு இருக்கக்கூடும். மணிப்பூரிலிருந்தோ, மியான்மரிலிருந்தோ, வேறெந்தப் போர்நிலத்திலிருந்தோ வந்து படிப்போர் இன்றும் நம் கல்லூரிகளில் இருக்கக்கூடும். அவர்களுக்கு இன்று வருவது தாளில் எழுதிய கடிதமன்று. கைத்தொலைபேசியில் ஒரு குரற்பதிவு. தொலைபேசி பழுதானால் அதுவும் போயிற்று. கரையானைவிட விரைவான அழிவு இது. அவற்றைப் பேணும் வழியை இக்காலத்து மாணவரே நன்கறிவர்.

9. முடிவுரை

வீட்டுக் கடிதம் முழு உண்மையைச் சொல்வதில்லை. அது அஞ்சுகிறது, அன்பினால் மறைக்கிறது, சில வேளைகளில் அயலானின் துன்பத்தைக் காணாமல் கடக்கிறது. ஆயினும் அறிக்கைகள் நின்றுபோன காலத்தில் தேதியும் ஊரும் இட்டு எழுதப்பட்ட சான்று அதுவே. ஒரு வரிசையில் நான்கு பெயர் மூன்றானதைக் கவனிக்கும் கண்ணும், தைக்கிறவர் இல்லை என்ற அரை வரியில் ஒரு மக்கட்கூட்டத்தின் வெளியேற்றத்தைக் காணும் நேர்மையும் வரலாற்று ஆசிரியனுக்கு வேண்டும். சபையாரை வீடுவீடாகச் சந்திக்கும் ஆயருக்கும் அவையே வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் பெயர் வரிசையைக் கேட்டு, விடுபட்ட பெயர் உண்டா என்று மெதுவாக வினவுவது நம் பணியின் பகுதி. அவ்வினாவுக்கு விடையாக ஒரு பழைய உறை எடுத்து நீட்டப்படுமாயின், அதனை இரு கைகளாலும் பெற்றுக்கொள்வோமாக.